பறக்கலாம், பறக்காமலும் போகலாம்: லிலியன் பிளாண்ட் அம்மையாரின் வாழ்க்கை

நூற்றாண்டு மலருக்குப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். மேரி கியூரி அம்மையாரையும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரையும் பற்றி எமது மலர்களில் எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. அவ்வேளையில் கல்லூரியின் தையல் அறை நினைவுக்கு வந்தது.

அந்த அறையின் மூலையில் ஒரு பெரிய அலுமாரி நின்றது. அதன் கீழ்த்தட்டில் தொடங்கியபின் முடிக்காமல் விட்ட வேலைகள் குவிந்து கிடக்கும். ஒரு கை மட்டும் பொருத்திய சட்டைகள், மூலைப் பூ ஒன்றோடு நின்றுபோன மேசைவிரிப்புகள், பொத்தான் ஓட்டை வெட்டாத குழந்தை உடுப்புகள் எல்லாம் அங்கே இருந்தன. அரைகுறை வேலைக்கு எமது தையல் ரீச்சர் புள்ளி போடமாட்டார். வெட்டுவதும் இணைப்பதும் எவருக்கும் வரும், மடித்துத் தைத்து முடிப்பதுதான் வேலை என்பது அவரது கொள்கை. விஞ்ஞானப் பிரிவில் படித்த எங்களுக்கு அது அன்று பெரிய தொல்லையாகத் தோன்றியது.

அந்த ரீச்சர் மனம் நிறைந்து புள்ளி போட்டிருக்கக்கூடிய ஒரு பெண்ணின் கதையே இது. அவர் வெட்டி, இணைத்து, துணி போர்த்தி, மெருகிட்டு முடித்த பொருள் ஓர் ஆகாய விமானம். வரைபடம் முதல் கடைசி நட்டு வரை தமது வீட்டிலேயே தாமே செய்து, அதில் தாமே ஏறிப் பறந்தவர் அவர். தாமே வடிவமைத்து, தாமே கட்டி, தாமே ஓட்டிய பெண்களில் உலகிலேயே முதல்வர் என அவரைப் பலரும் கருதுகின்றனர். அது நடந்தது 1910ஆம் ஆண்டில், வட அயர்லாந்தின் ஒரு கிராமத்தில்.

இளமை

லிலியன் எமிலி பிளாண்ட் 1878ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் மெய்ட்ஸ்ரன் நகருக்கு அண்மையில் பிறந்தார். தகப்பனார் ஜோன் ஹம்பிரி பிளாண்ட் ஓவியர். அவரது குடும்பத்தின் பூர்வீகம் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரை அண்டிய பிரதேசம். 1906இல் தாயார் காலமானதும் தகப்பனாரும் மகளும் பெல்பாஸ்றுக்கு அருகே கார்ன்மனி என்னும் ஊருக்குச் சென்றனர். அங்கே தகப்பனாரின் சகோதரி சாரா ஸ்மைத் விதவையாக, தோபர்கொரன் என்ற பெரிய வீட்டில் வசித்து வந்தார். முறைப்படி இவர் லிலியனுக்கு மாமி. இந்த மாமியின் காது கேளாமை பின்னர் ஓர் ஆகாய விமானத்துக்கு உதவப்போகிறது என்று அப்போது எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

மாமியின் கணவரான ஸ்மைத் பீரங்கிப் படையில் தளபதியாக இருந்தவர், விஞ்ஞான ஆய்வுகளிலும் ஈடுபட்டவர். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கடந்திருந்தபோதிலும் அவரது பட்டறை வீட்டின் ஒரு பக்கத்தில் ஆயுதங்களுடன் அப்படியே இருந்தது. வாள், உளி, சீவுளி, கடைசல் வேலைக்கான வசதி எல்லாம் ஒருவரின் கைக்காகக் காத்திருந்தன.

அக்கால உயர்குடிப் பெண்களுக்கென வகுத்த வட்டத்துக்குள் லிலியன் அடங்கி இருக்கவில்லை. பெண்கள் குதிரையின் ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டுச் சவாரி செய்வதே வழக்கமாக இருந்த காலத்தில், ஆண்களைப்போல இரு பக்கமும் கால் போட்டுச் சவாரி செய்தார். காற்சட்டை அணிந்தார், புகை பிடித்தார், ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜூஜிற்சுவையும் கற்றார். ஊரார் கதைத்தார்கள், அவர் தம் பாட்டில் இருந்தார். குதிரைப் பந்தயங்களையும் வேட்டைகளையும் படம் பிடித்து, செய்தி எழுதி, இலண்டன் பத்திரிகைகளுக்கு அனுப்புவது அவரது தொழில். பத்திரிகைப் புகைப்படக்காரராக ஒரு பெண் உழைத்தது அந்நாளில் மிக அரிது. படங்களைக் கழுவுவதும் அச்சிடுவதும் அவரே. இருட்டறையில் அவர் கற்ற இரசாயனம் பின்னால் எப்படிக் கைகொடுத்தது என்பதை விரைவில் காண்போம்.

1908ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்கொட்லாந்துக் கரையோரத் தீவொன்றில் கடற்பறவைகளைப் படம் பிடிக்கச் சென்றார். சிறகை அடிக்காமலே காற்றில் சறுக்கிச் செல்லும் கடற்காகங்களை மணிக்கணக்காக நோக்கிக்கொண்டிருந்தார். பறக்கும் ஆசை அவருள் வேரூன்றியது அங்கேதான்.

பரிஸிலிருந்து வந்த அஞ்சலட்டை

1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் திகதி பிரான்சைச் சேர்ந்த லூயி புளேரியோ தமது ஒற்றைத் தட்டு விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதன்பின் பரிஸில் இருந்த சிறிய தகப்பனார் றொபேட், புளேரியோவின் விமானப் படம் கொண்ட அஞ்சலட்டை ஒன்றை லிலியனுக்கு அனுப்பினார். விமானத்தின் அளவுகளும் அதில் இருந்தன. வேறொருவர் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார். லிலியனோ பென்சிலைக் கையில் எடுத்தார்.

அவ்வாண்டு ஒக்ரோபரில் இங்கிலாந்தின் பிளக்பூலில் பெரிய விமானக் காட்சி ஒன்று நடைபெற்றது. லிலியன் அங்கு போய், விமானங்கள் நின்ற கொட்டகைகளுக்குள் நுழைந்து, எது எந்த மரத்தில் செய்யப்பட்டது, எந்தக் கம்பி எங்கே கட்டப்பட்டது, எந்தப் பகுதி என்ன நீளம் என்று குறித்துக்கொண்டார். விமானம் பறப்பதைப் பார்க்கவே மற்றவர்கள் வந்திருந்தனர். அவரோ அது நிற்பதைப் பார்க்க வந்திருந்தார்.

வீடு திரும்பியதும் 6 அடி அகலமுள்ள இரட்டைத் தட்டு மாதிரி ஒன்றைச் செய்து பட்டம்போலக் கயிற்றில் பறக்கவிட்டார். அது நன்றாகப் பறக்கவே, முழு அளவில் ஒன்றைக் கட்டத் துணிந்தார்.

தளபதியின் பட்டறையில்

இறக்கையின் அகலம் 27 அடிக்குச் சற்று மேல். ஸ்புரூஸ், ஆஷ், எல்ம் ஆகிய மரங்களையும் மூங்கிலையும் அவர் பயன்படுத்தினார். எடை குறைந்தும் வலிமை கூடியும் இருக்கவேண்டிய பகுதிக்கு ஒரு மரம், வளையவேண்டிய பகுதிக்கு இன்னொரு மரம், தரையில் உரசி அடிபடும் சறுக்குக் கட்டைகளுக்கு வேறொரு மரம் என்று தெரிவு செய்தார். ஓட்டுவதற்கான பிடியாகச் சைக்கிள் ஒன்றின் கைப்பிடியைப் பொருத்தினார்.

அவருக்கு ஒரே உதவியாள் ஜோ பிளேன் என்ற தோட்டக்காரப் பையன். பிடி என்ற இடத்தில் பிடித்து, இழு என்ற இடத்தில் இழுத்து, ஒவ்வொரு சோதனையிலும் கூட நின்றவர் அவர். பெரிய காரியங்களின் வரலாற்றில் இத்தகையோரின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். ஜோ பிளேனின் பெயர் நிலைத்து நிற்பது மகிழ்ச்சிக்குரியது.

இதற்கு மேபிளை என்று பெயர் வைத்தார். நீர்நிலை ஓரங்களில் பறந்து, ஒரு நாளோ இரு நாளோ வாழ்ந்து மடியும் மெல்லிய பூச்சி ஒன்றுக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். அதே சொல்லை இரண்டாகப் பிரித்தால் பறக்கலாம் என்று பொருள்படும். பறக்காமலும் போகலாம் என்பதும் அதற்குள் அடங்கும். தமது முயற்சியைத் தாமே கேலி செய்யும் துணிவு அவருக்கு இருந்தது.

துணியும் கரைசலும்

சட்டகம் எழுந்ததும் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பர். கட்டடம் கட்டியவர்களுக்குத் தெரியும், சுவர் எழும்பும் வேகத்தில் பூச்சு வேலை நகராது. வீட்டில் விமானம் கட்டுவோரும் இன்றுவரை இதையே சொல்வர். இறுதி வேலைகள்தான் நாட்களைத் தின்னும். வெளிப்பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆயினும் பறப்பவரின் உயிர் தங்கியிருப்பது அவற்றில்தான்.

இறக்கைகளுக்கு லிலியன் போர்த்தியது வெளுக்காத பருத்தித் துணி. துணியின் இழைகளுக்கிடையே கண்ணுக்குப் புலப்படாத இடைவெளிகள் உண்டு. இறக்கையின் கீழ்ப்பக்கத்தில் காற்றழுத்தம் கூடவும் மேற்பக்கத்தில் குறையவும் வேண்டும். அந்த வேறுபாடே விமானத்தைத் தூக்குவது. துணியினூடாகக் காற்றுக் கசிந்தால் அந்த வேறுபாடு குறைந்து, தூக்கும் வலு குன்றும். மழையில் நனைந்தால் துணி நீரைக் குடித்துப் பாரமாகும், பிறகு தொய்யும். அயர்லாந்தில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆகவே துணியை அடைத்து, இறுக்கி, நீர் புகாமற் செய்ய ஒரு பூச்சு வேண்டும். இன்று விமானத் துணிக்கென்றே பூச்சுகள் விற்பனைக்கு உண்டு. 1910இல் ஒரு கிராமத்தில் இருந்த பெண் அதற்கு எங்கே போவார்?

இருட்டறைக்குப் போனார். புகைப்படத் தகடுகளில் பூசப்படும் ஜெலற்றினையும் போர்மலினையும் கலந்து தாமே கரைசல் செய்து துணிக்குப் பூசினார். போர்மலின் என்றதும் எங்கள் விலங்கியல் ஆய்வுகூடமும், கண்ணாடிப் போத்தல்களில் மிதந்த தவளைகளும், கண்ணைக் கரிக்கும் அந்த நெடியும் பலருக்கு நினைவு வரும். ஜெலற்றின் தனியே பூசப்பட்டால் துணியின் ஓட்டைகளை அடைக்கும், ஆனால் ஈரம் பட்டதும் ஊறி இளகிவிடும். போர்மலின் அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுகச் செய்கிறது. அப்படி இறுகிய ஜெலற்றின் மீண்டும் நீரில் கரையாது. படம் கழுவும்போது தகட்டின் மேற்படை கரைந்து போகாதிருக்கப் புகைப்படக்காரர் கையாளும் உபாயமே இது. ஒரு தொழிலில் கற்ற கைப்பழக்கத்தை இன்னொரு தொழிலின் தேவையோடு பொருத்திப் பார்த்ததே லிலியனின் கெட்டித்தனம்.

அதன்பின் கம்பிகள். இரட்டைத் தட்டு விமானத்தில் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் மரத்தூண்கள் இணைக்கும், குறுக்கே செல்லும் கம்பிகள் இறுக்கிப் பிடிக்கும். ஒரு கம்பி கூட இறுகினால் இறக்கை முறுகும், ஒன்று தளர்ந்தால் மற்றதன் மேல் பாரம் ஏறும். மாட்டு வண்டிச் சில்லின் ஆரங்களைச் சரி பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக இழுத்து, அளந்து, மீண்டும் இழுத்து நேராக்கவேண்டும். ஈர நாளில் ஒருவிதமாகவும் வெயில் நாளில் இன்னொரு விதமாகவும் மரம் நடந்துகொள்வதால் இந்த வேலைக்கு முடிவே இல்லை எனலாம்.

குன்றின்மேல் ஐந்து பேர்

எஞ்சின் வாங்கப் பணம் செலவழிக்கும் முன் இன்னுமொரு கேள்விக்கு விடை தேவைப்பட்டது. எஞ்சினின் பாரத்தை இந்த இறக்கைகள் தாங்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் கணக்கைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியும் வேண்டும். லிலியன் கண்டுபிடித்த வழி நகைப்புக்கிடமானது, ஆனால் பிழையற்றது.

எஞ்சின் இல்லாத விமானத்தைக் கார்ன்மனிக் குன்றுக்குக் கொண்டு சென்றார். அயர்லாந்துப் பொலிஸ் படையைச் சேர்ந்த நால்வரும் ஜோ பிளேனும் இறக்கைகளைப் பிடித்துக்கொண்டனர். காற்று வீசியதும் மேபிளை ஐவரையும் தூக்கிக்கொண்டு எழும்பத் தொடங்கியது. பொலிஸ்காரர்கள் பயந்து கையை விட்டனர். ஜோ மட்டும் விடாமல் தொங்கி அதைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்.

ஐந்து ஆட்களைத் தூக்க முனைந்த இறக்கை, ஓர் எஞ்சினையும் ஒரு பெண்ணையும் தூக்கும். ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் லிலியன் நடத்திய பரிசோதனை அது.

போத்தலும் காதுக்குழலும்

எஞ்சினுக்கு ஏ. வி. றோ என்பவரிடம் சொல்லி வைத்திருந்தார். மஞ்செஸ்டர் நகரில் விமானங்கள் செய்துவந்த றோவும் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றவர். எஞ்சின் 20 குதிரை வலு உள்ளது. அது குறித்த காலத்துக்கு வந்து சேரவில்லை. காத்திருந்து அலுத்த லிலியன், 1910 ஜூலையில் தாமே இங்கிலாந்துக்குப் போய், எஞ்சினைப் பொறுப்பேற்று, ரயிலிலும் கப்பலிலும் தம்மோடு கொண்டு வந்தார். அந்நாளைய ரயில் பிரயாணிகள் ஒரு சீமாட்டியின் பயணப் பொதிகளிடையே விமான எஞ்சினைக் கண்டிருக்கவே மாட்டார்கள்.

எஞ்சின் வந்துவிட்டது. ஆனால் அதற்கான பெற்றோல் தாங்கி இன்னும் வந்து சேரவில்லை. இன்னும் சில நாள் பொறுத்திருக்கலாம். பொறுப்பதற்கு அவருக்கு மனம் இல்லை. வெறும் விஸ்கிப் போத்தல் ஒன்றை எடுத்தார். காது கேளாத மாமி பிறர் பேச்சைக் கேட்கக் காதில் வைக்கும் குழலை வாங்கினார். போத்தலில் பெற்றோலை நிரப்பி, காதுக்குழல் வழியாக எஞ்சினுக்கு ஊட்டினார். எஞ்சின் இயங்கியது. மாமி சம்மதத்தோடுதான் கொடுத்தாரா என்பது போகட்டும். கணவரின் பட்டறையையும் தமது காதுக்குழலையும் மருமகளின் விமானத்துக்கு ஈந்த மாமி அவர்.

எஞ்சினைச் சட்டகத்தில் ஏற்றி இயக்கியபோது வேறு வில்லங்கம் கிளம்பியது. அதிர்வு தாங்காமல் கம்பிகள் சில அறுந்தன, நட்டுகள் கழன்று விழுந்தன. வீட்டில் கட்டிய விமானம் ஒன்று தன் குறைகளை எல்லாம் ஒரே நேரத்தில் ஒப்புவிப்பது எஞ்சினை முதன்முதலாக இயக்கும்போதுதான். அறுந்ததை மாற்றி, கழன்றதை இறுக்கி, இறுக்கியது மறுபடியும் கழலாதிருக்க வழி செய்து, திரும்ப இயக்கிப் பார்க்கவேண்டும். அவர் அதைச் செய்தார். சறுக்குக் கட்டைகளோடு சில்லுகளையும் பூட்டினார். பிறகு மழையும் காற்றும் பல நாட்களாக வழிமறித்தன. எல்லாம் ஆயத்தமாக இருக்கையில் வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதும் இறுதி வேலைகளில் ஒன்றுதான்.

எருது நின்ற வெளி

கார்ன்மனிக் குன்றுச் சரிவு எஞ்சின் விமானம் ஓட உகந்ததன்று. ராண்டல்ஸ்ரவுனில் ஓநீல் பிரபுவுக்கு 800 ஏக்கர் பரப்புள்ள மான் பூங்கா ஒன்று இருந்தது. அவர் இடம் கொடுத்தார். அந்த வெளியில் ஓர் எருதும் அவிழ்த்துவிடப்பட்டிருந்தது. அது துரத்தினால் உயரக் கிளம்புவதற்கு இன்னொரு காரணம் கிடைக்கும் என்று லிலியன் பகிடியாக எழுதியிருந்தார்.

1910 ஆகஸ்ட் மாத முடிவில் ஒரு நாள் எஞ்சின் முழங்க, ஜோ விலகி நிற்க, மேபிளை புல்வெளியில் ஓடி மேலெழுந்து பின் தரை தொட்டது. முதல் எழும்பல் சொற்ப தூரந்தான். தாம் உண்மையிலேயே தரையை விட்டு எழும்பினாரா என்று லிலியனுக்கே ஐயம். இறங்கித் திரும்பிப் போய்ப் புல்லில் பதிந்த சில்லுத் தடத்தைப் பார்த்தார். தடம் ஓரிடத்தில் நின்றுபோய் இருந்தது. அப்பால் மிதிபடாத புல். ஐயம் தீர்ந்தது.

அடுத்து வந்த நாட்களில் மேலும் சில தடவை பறந்து, சுமார் கால் மைல் தூரம் வரை சென்றார். எட்டு மாதங்களுக்கு முன், 1909 டிசெம்பர் 31ஆம் திகதி, ஹரி பெர்குசன் என்ற இளைஞர் அயர்லாந்தின் முதலாவது விமானப் பறப்பை நிகழ்த்தியிருந்தார். பிற்காலத்தில் எமது வயல்களிலும் ஓடிய பெர்குசன் உழவு இயந்திரம் அவருடையதே. அவருக்குப் பின், எந்தப் பள்ளியிலும் பொறியியல் படிக்காத லிலியன், தம் வீட்டில் கட்டிய இரட்டைத் தட்டு விமானத்தோடு அதே நாட்டு வானத்தில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 31.

காரும் கனடாவும்

இதன்பின் நடந்ததைப் பலர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவர். மகள் கழுத்தை முறித்துக்கொள்வாள் என்று அஞ்சிய தகப்பனார், பறப்பதை விட்டால் மோட்டார் கார் வாங்கித் தருவதாகச் சொன்னார், மகளும் விட்டுவிட்டாள் என்பதே அவ்வரி. தகப்பனார் கார் வாங்கிக் கொடுத்தது உண்மை. அது போர்ட் கம்பனியின் மொடல் ரீ. லிலியன் அதை ஓட்டப் பழகினார், சிறிது காலத்தில் பெல்பாஸ்றில் போர்ட் கார்களின் விற்பனை முகவராகவும் ஆனார்.

ஆனால் அவர் காருக்காக மட்டும் கனவை விற்றார் என்று நான் நம்பவில்லை. மேபிளை அடிப்படையில் எஞ்சின் பூட்டிய பெரிய பட்டம் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். மேலும் உயரமாகவும் தூரமாகவும் பறக்க வேண்டுமாயின் கூடிய வலுவுள்ள எஞ்சின் தேவை. அதை அந்த மெல்லிய சட்டகம் தாங்காது, பிய்ந்துவிடும். அப்படியானால் முதலிலிருந்து இன்னொன்று கட்டவேண்டும், அதற்குப் பெருந்தொகை வேண்டும். எஞ்சின் இல்லாத விமானங்களை 250 பவுணுக்குச் செய்து தருவதாக அவர் அறிவித்தும் பார்த்தார். தொழில் வளரவில்லை. தாம் கட்டிய பொருளின் எல்லை அதைக் கட்டியவருக்குத்தான் முதலில் தெரியும். ஆயினும், அவர் இடத்தில் ஒரு மகன் இருந்திருந்தால் தகப்பனார் பணத்தைக் காருக்குக் கொடுத்திருப்பாரா, அடுத்த விமானத்துக்குக் கொடுத்திருப்பாரா என்ற கேள்வியும் எழத்தான் செய்கிறது. அதே வட்டாரத்தில் பெர்குசன் தமது அடுத்த இயந்திரத்துக்குப் போனார்.

1911இல் லிலியன் தமது ஒன்றுவிட்ட சகோதரர் சாள்ஸ் லொப்ரஸ் பிளாண்டை மணந்தார். 1912இல் கனடாவுக்குச் சென்றார். வன்கூவர் தீவின் வட பகுதியில் குவாற்சினோ என்ற கடற்கால் ஓரம், காடு வெட்டிப் பண்ணை அமைத்துக் குடியேறினர். வானொலியோ வீதியோ எட்டாத அந்தக் காட்டில் மரம் தறிப்பதும் மாடு கன்று பார்ப்பதும் படகு ஓட்டுவதும் அவரது வாழ்க்கையாயின. புகைப்படக் கருவியை மட்டும் அவர் கைவிடவில்லை.

1913இல் பிறந்த அவருடைய ஒரே மகள் பற்றீசியா, 1929ஆம் ஆண்டு 16 வயதில் ஏற்புவலியால் இறந்துபோனார். அக்காலத்தில் சிறு காயம் ஒன்றே போதும், இந்நோய் உயிரைக் கொண்டுபோய்விடும். எதையும் தம் கையால் திருத்தி நேராக்கப் பழகிய ஒரு தாய்க்கு, எந்தக் கைவேலையாலும் திருத்த முடியாத இழப்பு அது. இதைப்பற்றி மேலதிகமாக எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. எம்மிடையே பிள்ளைகளை இழந்த தாய்மார் இதை வாசிப்பர். அவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1935இல் இங்கிலாந்துக்குத் திரும்பி, கென்ற் பகுதியில் சகோதரரோடு சிலகாலம் வாழ்ந்து, தோட்ட வேலை செய்து உழைத்தார். கிடைத்த பணத்தைப் பங்குச் சந்தையிலும் துணிந்து போட்டு, ஓய்வு காலத்துக்குப் போதுமானதைச் சேர்த்துக்கொண்டார். 1955இல் கோர்ண்வோல் பகுதியின் கடற்கரைக் கிராமமான செனனில் குடியமர்ந்தார். தோட்டமும் ஓவியமும் முதுமைக்குத் துணையாயின. கடற்காகங்களுக்கும் அங்கு குறைவில்லை. 1971ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி தமது 92ஆவது வயதில் காலமானார். போர்மலின் பூசிய துணி இறக்கையில் எழும்பியவர், மனிதன் சந்திரனில் நடந்த செய்தியையும் கேட்டுவிட்டே கண் மூடினார்.

இன்று பெல்பாஸ்றுக்கு அருகே கிளென்கோம்லி என்ற இடத்தில் அவர் பெயரால் ஒரு பூங்கா உண்டு. அங்கே துருப்பிடிக்காத உருக்கினால் செய்த மேபிளை நிற்கிறது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் பெரிதாகக் கொண்டாடப்படவில்லை. அவரும் அதைத் தேடிப் போனதாகத் தெரியவில்லை.

நிறைவாக

அன்புச் சகோதரிகளே, எங்களில் பலர் தொடங்கிய எத்தனையோ காரியங்களை முடிக்க முடியாமற் போனவர்கள். சிலருக்குக் கலியாணம் வந்தது, சிலருக்கு வீட்டுக் கஷ்டம் வந்தது, பலருக்கு இடப்பெயர்வு வந்தது. புத்தகங்களையும் பாதி எழுதிய கொப்பிகளையும் விட்டு ஓடியவர்கள் நாம். தையல் அறையின் அந்த அலுமாரியும் இன்று இல்லை. முடிக்காதவர்களைக் குறை சொல்வதற்காக இந்த வாழ்க்கையை நான் எழுதவில்லை. லிலியன் அம்மையாரே தமது அடுத்த விமானத்தைக் கட்ட முடியாமற் போனவர்தான்.

நான் அவரிடம் வியப்பது வேறொன்று. மேபிளை மொத்தத்தில் சில நிமிடங்களே வானத்தில் இருந்திருக்கும். அதற்காக அவர் செய்த வேலை ஏறக்குறைய ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் தாங்கி வரவில்லை, எஞ்சின் வரவில்லை, மழை விடவில்லை, கம்பி அறுந்தது என்று நிறுத்திக்கொள்வதற்கு நியாயமான காரணங்கள் நிறைய இருந்தன. அவர் அவற்றுள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் விஸ்கிப் போத்தலையும் காதுக்குழலையும் எடுத்தார். பறக்காமலும் போகலாம் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டு, பறக்கும் என்பதுபோல் ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கினார்.

கல்லூரியில் இன்று படிக்கும் தங்கைமாருக்கு இதைச் சொல்லுங்கள். வெளிநாடுகளில் இருக்கும் எம் தோழியர் தம் பேத்திமாருக்குச் சொல்லுங்கள். உங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஏதேனும் அரைகுறையாகக் கிடந்தால், அது மேசைவிரிப்போ, பட்டப்படிப்போ, எழுத நினைத்த ஒரு கடிதமோ, இந்த நூற்றாண்டு ஆண்டில் வெளியே எடுத்து ஒருமுறை பாருங்கள். நூல் இன்னும் உக்கியிருக்காது.

விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவி ஒருவர்